கல்யாணத்துக்கு எந்தப் பாய்? பத்தமடை, வந்தவாசி, பவானி: ஓர் ஒப்பீடு

கல்யாண வீட்டில் நகைக்கும் புடவைக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பாய் மட்டும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஞாபகத்துக்கு வரும். சாமான் பட்டியலில் தேங்காய்க்கும் வாழையிலைக்கும் நடுவில் எழுதி, சும்மா இருக்கிற பையன் ஒருவனைக் கடைத்தெருவுக்கு விரட்டுவார்கள். அவன் கையோடு கொண்டுவருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாய். அவசரத்துக்கு அதுதான் கிடைக்கும், அவனைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் அந்த வீட்டுக்குத் தேவை ஒரு பாய் அல்ல. மணமேடையில் மணமக்கள் உட்கார ஒன்று. அதையே சீராகக் கொடுத்தனுப்புவதும் உண்டு. வந்த சொந்தங்கள் ராத்திரி படுக்க நாலைந்து. கூடத்தில் பெரியவர்கள் சாய்ந்து பேச, கச்சேரியோ நலங்கோ நடக்க அகலமாக ஒன்று. இத்தனைக்கும் ஒரே சாமான் ஒத்துவராது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணமேடைக்குப் பத்தமடைப் பாய், கூடத்துக்குப் பவானி ஜமக்காளம், படுக்க வந்தவாசியிலோ கரூர்ப் பக்கத்திலோ நெய்த சாதாக் கோரைப் பாய். மூன்றையும் வாங்க வசதி இருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். ஒன்றோ இரண்டோதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு, எதில் காசைப் போடுவது, எதை விடுவது என்பதுதான் இனி வரும் பேச்சு.

பத்தமடை, திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் சாலையில் இருக்கிற ஊர். சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இங்கேதான். ஆனாலும் வெளியூரில் ஊர்ப் பேரைச் சொன்னால் முதலில் எல்லோரும் கேட்பது பாயைத்தான். நெய்கிறவர்கள் பெரும்பாலும் இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள். இன்றைக்குத் தறியில் உட்காருகிறவர்களில் பெண்களே அதிகம். 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊர் இன்னமும் பெருமையாகச் சொல்கிறது. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

அந்தப் பாயின் விலை ஏன் அப்படி என்பது கோரை படும் பாட்டைத் தெரிந்துகொண்டால் விளங்கும். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்கிறார்கள். கீறி, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற சோற்றை நீக்கி, வெயிலில் காயப்போடுகிறார்கள். பிறகு கட்டாகக் கட்டி ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறவிடுகிறார்கள். ஊறிப் பருத்ததை எடுத்து மறுபடி காயவைத்து, நூல் மாதிரி வரும்வரை மறுபடி கீற வேண்டும். சாயம் தோய்ப்பது அதற்குப் பிறகு. முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டை. இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கும் பொடிச் சாயம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தரையோடு தரையாகக் கட்டிய தறிக்கு வருகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே போகும் ஊடு கோரை. ஒவ்வொரு கோரையாகப் பாவுக்குள் நுழைத்து அச்சால் அடித்து இறுக்க வேண்டும்.

தரத்தைப் பாவு நூலின் எண்ணிக்கையை வைத்துச் சொல்வார்கள். 50 கவுண்ட் சாதாரணம். 100-ஐத் தாண்டினால் நயம். 120, 140 என்றால் ஊரார் பட்டுப் பாய் என்று சொல்வது. அதில் பட்டு நூல் இருக்கும் என்று நினைத்துக் கடையில் சண்டை போடாதீர்கள், இருக்காது. கையில் எடுத்தால் துணி போல மடியும். சாதாக் கோரைப் பாயை மடித்தால் முறிந்துவிடும், சுருட்டத்தான் முடியும். பட்டுப் பாயை வேட்டி மாதிரி மடித்துப் பெட்டியில் வைக்கலாம். மணமகன், மணமகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் சொன்னால் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். மணமேடைக்கு வேறெந்தப் பாயும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

இனி காசு. நயமான பாய் ஒன்று தறியில் வாரக்கணக்கில் கிடக்கும். கணக்குக்காக ஒரு பாய் 6,000 ரூபாய், தறி வேலை இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரை, நூல், சாயத்துக்கு ஆயிரம் கழித்தால் மிச்சம் 5,000. நாளுக்கு 250 ரூபாய். கீறினது, ஊறவைத்தது, காயவைத்தது எதற்கும் இதில் கூலி போடவில்லை. நடுவில் ஒரு வியாபாரி இருந்தால் இந்த 250-ம் தேறாது. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 319 ரூபாய். அந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கைக்கு எட்டும் இன்னொரு வேலை பீடி சுற்றுவது. அதில் உடம்பு கெடும்தான், ஆனால் சுற்றின பீடிக்கு உடனுக்குடன் கணக்குத் தீரும், பி.எஃப். பிடித்தமும் உண்டு. பாயோ, முடிகிற வரைக்கும் ஒரு பைசா தராது, முடிந்தாலும் வாங்க ஆள் வர வேண்டும். தன் மகளைத் தறியில் உட்கார வைக்கத் தயங்கும் தாயிடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே பத்தமடைப் பாய் வாங்க முடிவு செய்தால், புல்லுக்கு இவ்வளவா என்று பேரம் பேசாதீர்கள். எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள், விலையை அதால் வகுத்துப் பாருங்கள். கூலி குறைவாகத் தெரிந்தால் விற்கிறவர் ஏமாறுகிறார், அல்லது அது கைப்பாயே இல்லை.

இரண்டாவது சந்தேகம் அடிக்கடி உண்மையாகிவிடுகிறது. விசைத்தறிப் பாய்கள் அந்தப் பகுதியிலேயே நெய்யப்படுகின்றன. கரூர்ப் பக்கத்துக் கோரையும் வந்து இறங்குகிறது. அவை மோசமான பாய்கள் என்று நான் சொல்லவில்லை, நல்ல தினப்படிப் பாய்கள்தான். ஆனால் இணையக் கடைகளில் எல்லாவற்றுக்கும் பத்தமடை என்ற ஒரே பெயர்தான். படத்தைப் பார்த்துக் கவுண்ட் கண்டுபிடிக்க முடியாது. நேரில் என்றால் எளிது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நயமான பாயில் கோரைக்கும் நூலுக்கும் பருமன் வித்தியாசம் கண்ணில் படாது, இடைவெளியும் தெரியாது. ஓரத்தை மெல்ல மடித்துப் பாருங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அது நீங்கள் கொடுக்கும் விலைக்கான பாய் அல்ல. ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஊருக்கே போய் வாங்குவதுதான் உத்தமம். முடியாவிட்டால் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கேளுங்கள். 1973-ல் தொடங்கிய அரசுக் கைவினைக் கழகம் அது. அங்கே இருக்கிறதை வாங்கலாம், பெயர் நெய்து வாங்க வேண்டுமென்றால் நெசவாளரிடம்தான் போக வேண்டும்.

எத்தனை கவுண்ட் வாங்குவது என்பதில் எனக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. வீட்டு உபயோகத்தை மட்டும் பார்த்தால் 140 வீண். விலைக்குப் பயந்தே அதை யாரும் விரிக்க மாட்டார்கள். பீரோவுக்கு மேலே ஏறும், ராமபாணப் பூச்சி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 80, 100 கவுண்ட் வாங்கினால் கோடை மதியத்தில் தைரியமாகப் படுக்கலாம். ஆனால் வித்தை இருப்பது 140-ல்தான். அதை நெய்யச் சொல்லி யாரும் கேட்காவிட்டால், நெய்யத் தெரிந்த கடைசிப் பெண்ணோடு அது போய்விடும். அதனால் இப்படி வைத்துக்கொள்ளலாம். பெயர் நெய்து, மணமேடைக்கென்றே சொல்லிவைத்து வாங்குவதானால் உயர்ந்த கவுண்டுக்குப் போங்கள். வீட்டுக்கு என்றால் நடுத்தரம் போதும். வாங்கினதை விரித்துப் படுக்கிற வீடுகள் கூடினால் நடுத்தரப் பாய் நெய்கிறவர்களுக்குத் தொடர்ந்து வேலை வரும். அதுவும் சின்ன விஷயம் அல்ல.

பவானி ஜமக்காளம் வேறு ஜாதிப் பொருள். பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்குப் பக்கத்தில், ஈரோடு மாவட்டத்தில் நெய்வது. மில் துணி வந்து கைத்தறியின் வயிற்றில் அடித்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மில்காரர்கள் கை வைக்காத முரட்டு நூலில் வண்ணப் பட்டைகளாக விரிப்பு நெய்ய ஆரம்பித்தவர்கள் ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார். பின்னால் பல சமூகத்தாரும் அதே தொழிலுக்கு வந்தார்கள். குழித்தறியில், கால்களைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வது. அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றிய ஓடத்தைக் கை மாற்ற வேண்டும். இரண்டு பேரின் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் பட்டை கோணிவிடும்.

முரட்டு நூல் விரிப்பு ஒரு வகை. செயற்கைப் பட்டு நூல் சேர்த்து, கரையில் பூவும் கொடியும் வைத்து நெய்வது இன்னொரு வகை. கல்யாணக் கூடத்துக்கு முதல் வகைதான் சரி. குழந்தை காபியைக் கொட்டும், மாமா வெற்றிலை மடிப்பார், நாலு பேர் இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அத்தனையும் தாங்கும். துவைக்கலாம், வெயிலில் உதறலாம். ஒரு தலைமுறை தாண்டியும் உழைக்கும். கனம்தான் ஒரே தொந்தரவு. நனைந்த ஜமக்காளத்தைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும், மாடிக் கம்பியில் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு போய்விடும். அடுக்குமாடியில் தனியாக இருக்கிற பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அப்படிப்பட்ட பொய்கள் பவானி என்ற பெயரிலேயே விற்கின்றன. 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1985-ம் வருடச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகம், அதை விசைத்தறியில் நெய்யவே கூடாது. இருந்தும் சோலாப்பூரிலிருந்து விசைத்தறி விரிப்புகள் வந்து, பவானி ஜமக்காளம் என்று பாதி விலைக்குக் கடைகளில் அடுக்கப்படுகின்றன. பத்தமடைக்காரர்களைத் தின்பது குறைந்த கூலி, பவானிக்காரர்களைத் தின்பது போலி. அதனால் இங்கே வாங்குகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி, போலியை வாங்காமலிருப்பது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டச் சொல்லுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகி உருண்டையாகும். கையில் தூக்கினதுமே லேசாக இருந்தால் அதுவே ஓர் அறிகுறி. பவானியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, அங்கே வாங்கினால் இந்தச் சோதனையெல்லாம் தேவைப்படாது.

சாதாக் கோரைப் பாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் படுத்து எழுந்ததுதான். வந்தவாசி என்றால் பள்ளிக்கூடத்தில் 1760-ம் வருடப் போரைப் படித்த ஞாபகம் வரும். வட தமிழ்நாட்டுச் சந்தைகளில் அந்த ஊர்ப் பேர் பாயைக் குறிக்கும். காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கம் கோரையைப் பயிராகவே வைக்கிறார்கள். ஒருமுறை நட்டால் அறுக்க அறுக்கத் துளிர்த்துப் பல வருஷம் பலன் கொடுக்கும். தறி பெரும்பாலும் இயந்திரமாகிவிட்டது. கைவினை என்று இதற்குப் பட்டம் கட்டி அதிக விலை கொடுக்க வேண்டாம். ஆனால் கோரை போடும் விவசாயி, அறுக்கும் கூலியாள், தறிக்காரர், சந்தை வியாபாரி என்று ஒரு வட்டாரமே இதில் சாப்பிடுகிறது. விருந்தாளிகளுக்கு நாலைந்து வாங்குவதென்றால் இதுதான். துணி ஓரம் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஆறே மாதத்தில் பிரியும். மழைக் காலத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தால் பூசணம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் நாலைந்து வருஷம் ஓடும்.

கோரைப் பாயில் படுத்தால் காய்ச்சல் போகும், சூடு தணியும், பசி எடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. காற்றுப் போகும், வியர்வையை இழுக்கும், முதுகு வேகாது. இவ்வளவு நிஜம். மற்றதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பனையோலைப் பாயையும் இந்த இடத்தில் தொட வேண்டும். தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் முடைகிறார்கள். தானியமும் ஒடியலுக்குக் கீறிய பனங்கிழங்கும் காயவைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் பட்டுப் புடவையோடு அதன்மேல் உட்கார்ந்தால் ஓலை விளிம்பு நூலை இழுத்துவிடும். கல்யாணத்துக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் பாய்க்கும் நியாயம் சொல்லத்தான் வேண்டும். விலை குறைவு. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். எலி கடிக்காது, பூசணம் பிடிக்காது. பந்தலுக்கு வெளியே, மண்ணிலும் ஈரத்திலும் விரிக்க வேண்டியிருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். மே மாதத்தில் அதன்மேல் வெறும் முதுகோடு படுத்தவர்களிடம் மற்றதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோடை வெயில் பட்டால் நொறுங்கித் தூளாகி வீடெல்லாம் சிந்தும், அந்தத் தூளை மண் ஏற்காது. ஆனால் பாய்த் தொழில் தேய்வதற்குப் பிளாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. கட்டிலும் மெத்தையும் வந்த வீட்டில் எந்தப் பாய்க்கும் வேலையில்லை. பாட்டிகளுக்கே மூட்டு வலி. அந்த வீடுகளில் பாய் இனி விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். அதனால்தான் விசேஷத்துக்கு வாங்கும் ஒரு பாயாவது நல்லதாக இருக்கட்டும் என்கிறேன்.

இப்போது தீர்மானம். ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு மணமக்கள் வீட்டில் தினமும் பயன்பட வேண்டும் என்றால், பத்தமடையில் 80 அல்லது 100 கவுண்ட். மேடைக்கும் அழகு, பிறகு படுக்கவும் ஆகும். வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம், குழந்தைகள் உண்டு, அடிக்கடி பத்துப் பேர் தரையில் உட்காருவார்கள் என்றால், பாயை விட்டுவிட்டு அசல் பவானி ஜமக்காளத்தில் காசைப் போடுங்கள். அது உழைக்கிற காலத்துக்கு விலையைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே மலிவானது அதுதான். இரண்டு வாங்க முடியுமென்றால் மணமேடைக்குப் பெயர் நெய்த பட்டுப் பாய் ஒன்று, விருந்தாளிகளுக்குச் சாதாக் கோரைப் பாய் சில. கூடத்து விரிப்பைச் சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், பழைய ஜமக்காளம் இல்லாத பெரியப்பா வீடு எங்கே இருக்கிறது?

மணமக்கள் வெளிநாடு போகிறவர்கள் என்றால் இன்னொரு கணக்கு. பட்டுப் பாய் பெட்டியில் மடிந்து அடங்கும், எடையும் சொற்பம். ஆனால் கோரை ஒரு தாவரப் பொருள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விமான நிலையத்திலேயே அதை அறிவிக்க வேண்டும், பூச்சியோ விதையோ இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். பருத்தி ஜமக்காளத்தில் அந்தத் தொல்லை குறைவு, எடைதான் பயணப்பெட்டியைத் தின்னும். அப்படிப்பட்டவர்களுக்குச் சின்ன அளவு ஜமக்காளம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பத்தமடையில் சொல்லிவைப்பதாக இருந்தால் நாள் கணக்கைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காயாது, சாயமும் பிடிக்காது. தை முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டும் என்றால் ஆடியிலேயே போய் முன்பணம் கொடுத்துவிடுங்கள். பெயர்களைத் தாளில் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், இன்ஷியலையும் தேதியையும் இருமுறை சரிபாருங்கள். நெய்த எழுத்தை அழிக்க வழி கிடையாது. முன்பணம் பாதியாவது இருக்கட்டும், கோரையும் நூலும் வாங்க அவர்கள் கடன் வாங்காமல் இருப்பதற்கு. பாய் கைக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் விரித்தால் போதும்.